வாசல் செருப்புக் கணக்கு

எங்கள் குளியலறைத் தரையில் ஒரு சல்லடை மூடி இருக்கிறது. அதில் பன்னிரண்டு துளைகள். தண்ணீர் அவற்றின் வழியாகக் கீழே போக வேண்டும் என்பது பொருத்தியவரின் எண்ணம். போன வருடம் நான்கு முறை அது மேலே வந்தது. தண்ணீர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எங்களுக்கு மேலே ஐந்து மாடிகள், மாடிக்கு நான்காக இருபது வீடுகள். அந்த இருபது வீட்டாரும் காலையில் எதை மறந்துவிட விரும்பினார்களோ அது கீழ்த்தளத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தது.

நான்காவது முறை வந்தது ஒரு சனிக்கிழமை. மழை தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மனைவி இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நாலுகால் தடியோடு நடப்பவர். அவர் குளியலறை வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். நான் அளவுகோலோடு குந்தியிருந்தேன். இரண்டே கால் அங்குலம். சின்ன அறையில் இருந்த இரண்டு பிள்ளைகளும் வாளியும் தும்புத்தடியுமாக ஓடி வந்தார்கள். ஒருத்தி மனைவியின் தமக்கையின் பேத்தி, மற்றவள் அவளுடைய சிநேகிதி. திருகோணமலையில் இருந்து கம்பஸுக்குப் படிக்க வந்து எங்கள் வீட்டிலேயே தங்கியிருப்பவர்கள்.

"இஞ்சேருங்கோ," என்றார் மனைவி. "இன்னும் ஒருக்கா உது மேலை வந்தால் நான் கல்கிசைக்குத் தங்கச்சியிட்டைப் போறன். நீங்கள் இருந்து ஓட்டையை எண்ணுங்கோ."

"நானும்தானே வருவன்."

"உங்கடை சகலன் கதைக்கிற கதையை ஒரு மணித்தியாலம் தாங்குவியளோ?"

தாங்க மாட்டேன். அந்த மனிதர் மூச்சு விடுவதற்காகக்கூட நிறுத்துவதில்லை. ஒருமுறை மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன். பதினேழு நிமிடம், இடைவெளி இல்லை. ஆகவே மனைவி போனால் தனியாகத்தான் போவார். நாற்பத்தாறு வருடத்தில் நாங்கள் பிரிந்திருந்தது ஆஸ்பத்திரி நாட்களையும் சேர்த்து இருபத்தொன்பது நாள். இந்த வயதில் அந்தக் கணக்கைக் கூட்ட எனக்கு விருப்பமில்லை. மாடியில் வீடு பார்க்கவும் வழியில்லை. எங்கள் கட்டடத்து லிஃப்ட் வாரத்தில் இரண்டு நாள் விரதம் இருக்கும்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதி என்ற பெருந்தெருவில் தொடங்கிக் கடலோர ரயில் பாதைக்குக் கிட்ட முடிகிறது. என் நடைக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. நாங்கள் வந்தபோது பதினான்கு வீடுகள் இருந்தன. இப்போது பதினொரு அடுக்குமாடிகள். காலி வீதி முனையில் கலியாண மண்டபமாக இருந்த கட்டடம் இன்று கம்பஸ். மணவறை இருந்த இடத்தில் ஏதோ ஒரு குளிர்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைக் கொடுக்கிறார்கள். முன்பு வந்தவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் போனார்கள். இப்போது வருகிறவர்கள் மூன்று வருடம் இருந்து சாப்பிட்டுக் கைகழுவுகிறார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன், மன்னார் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இந்த நானூற்றுப் பன்னிரண்டு எட்டுக்குள் இருக்கிறார்கள். கம்பஸ் வந்ததும் அதன் பின்னால் வகுப்புகள் வந்தன. ஒழுங்கையில் முப்பத்தொரு பெயர்ப்பலகை இருக்கிறது, அதில் பத்தொன்பது படிப்புச் சம்பந்தப்பட்டது. ஒன்று ஞாபகசக்தியை வளர்ப்பதாகச் சொல்கிறது. அதில் தொலைபேசி எண் போட மறந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்த அரசாங்க அலுவலகம் ஒன்று எங்கள் பகுதியை 'மாணவர் நகரம்' ஆக்கப்போவதாக அறிவித்து, ஒழுங்கை முகப்பில் பெரிய படம் கட்டியது. படத்தில் பதினாறு மரம், ஏழு சைக்கிள், ஒன்பது மனிதர்கள். ஒன்பது பேரும் சிரித்தார்கள். ஒருவர் கையிலும் மரக்கறிப் பை இல்லை. எங்கள் ஒழுங்கையில் உண்மையாகவே நிற்கும் மரம் இரண்டு, அதில் ஒன்று முருங்கை. படத்துக்குப் பிறகு வேலை தொடங்கியது. நடைபாதைக் கல்லை மூன்று முறை பதித்தார்கள், இரண்டு முறை கிளப்பினார்கள். மூன்றாம் முறை கிளப்புவதற்கு இன்னும் வரவில்லை, வருவார்கள். மின்கம்பங்களுக்குப் பச்சை வர்ணம் பூசினார்கள். மண்ணுக்குக் கீழே பதினான்கு வீட்டுக் காலத்துக் குழாய் அப்படியே கிடந்தது. அதைப் படம் பிடித்துக் கட்ட முடியாதுதானே.

நான்காம் முறைக்குப் பிறகு நான் அந்த அலுவலகத்துக்கு ஏழு கடிதம் எழுதினேன். எட்டாவது எழுதத் தொடங்கியபோது பதில் வந்தது. கழிவுக் குழாய்களைத் திருத்தப் போகிறார்கள். ஒவ்வொரு கட்டடமும் தன்னில் வசிப்பவர்களின் தொகையைப் படிவத்தில் எழுதி, வீட்டுக்கு ஒருவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நூறு பேருக்கு மேல் இருந்தால் காலி வீதிவரை புதிய பெரிய குழாய். நூறுக்குள் என்றால் பழைய குழாயைக் கழுவித் தருவார்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் கட்டடத்தில் நூறு பேருக்கு மேல் என்பது தண்ணீர்த் தாங்கிக்கே தெரியும்.

மொட்டை மாடியில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் கட்டடச் சங்கத் தலைவர் மூன்றாம் மாடிக்காரர், வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் என்றால் செருப்பை விட்டுவிட்டுத் தோல் சப்பாத்துப் போடுவார். அவர் என்னைக் கைகாட்டினார்.

"மாஸ்டர் எண்ணட்டும். முப்பத்திநாலு வருஷம் கணக்குப் படிப்பிச்ச மனிசன். படியேறேக்கையும் எண்ணிக்கொண்டுதானே ஏறுறவர்."

எல்லோரும் சிரித்தார்கள். மொத்தம் பதினெட்டுப் பேர். நான் ஒப்புக்கொண்டேன்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடிமட்டம் வைத்துக் கோடுகளைச் சரி பார்த்தேன். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று முதல் வரியை நானே நிரப்பிக் கையெழுத்திட்டேன். பிறகு முதலாம் மாடியில் தொடங்கினேன்.

நாலாம் மாடியில் ஓர் அம்மா இருக்கிறார், பிள்ளைகள் எல்லோரும் லண்டனில். மூன்று அறை வீடு. கதவுக்கு வெளியே பதினொரு சோடிச் செருப்பு கிடந்தது. கதவைத் திறந்தவர் படிவத்தைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டு, மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்:

"மூண்டு."

"மூண்டு பேரோ அக்கா?"

"ஓம் மாஸ்டர். நான், என்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி, அவவின்ரை மேள்."

"வெளியிலை பதினொரு சோடி கிடக்கு."

"உது பழசுகள். எறிய மனமில்லை."

அந்த நேரம் உள்ளே ஓர் அறையில் ஒரு பெண் குரல் அமிலங்களின் பெயரை ஒப்பித்தது. இன்னோர் அறையில் வேறு குரல் பிழை திருத்தியது. குளியலறைக் கதவில் யாரோ தட்டி, "எவ்வளவு நேரமடி?" என்று கத்தினார்கள்.

"டிவி," என்றார் அந்த அம்மா.

இரண்டாம் மாடியில் ஒருவர் கதவைச் சங்கிலியோடு நாலு அங்குலம் திறந்து, "எத்தினை எண்டு போட்டால் நல்லம்?" என்று என்னையே கேட்டார். ஐந்தாம் மாடியில் ஒருவர், "எங்களை எழுதாதேங்கோ மாஸ்டர். முந்தி எழுதினது காணாதே?" என்றார். யுத்த காலத்தில் கொழும்பில் ஒவ்வொரு தமிழ் வீடும் ஆட்களின் பெயரைப் பொலிசில் பதிந்து வைத்திருந்தது. எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் கேள்வி வரும். எங்கிருந்து வந்தார், ஏன் வந்தார், எப்போது திரும்பிப் போவார். அதற்கும் கழிவுக் குழாய்க்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று என் மூளைக்குத் தெரியும். அவர் மூளைக்கும் தெரியும்.

கடைசியாக, எல்லோரும் வோச்சர் என்று கூப்பிடும் காவல்காரரிடம் போனேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர். தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்து அறையில் குடும்பத்தோடு இருக்கிறார். கேட்டவுடன், "நாலு பேருங்க ஐயா. நானு, சம்சாரம், ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க," என்றார். கையெழுத்தும் போட்டார். கட்டடம் முழுவதிலும் யோசிக்காமல் பதில் சொன்னவர் அவர்தான்.

அவரை விட்டுவிட்டு முதலில் வீடுகளைக் கூட்டினேன். அறுபத்தெட்டு. ஒருமுறை அல்ல, மூன்றுமுறை கூட்டினேன். அறுபத்தெட்டுப் பேர் இருக்கும் கட்டடத்தில் தண்ணீர்த் தாங்கி காலை ஏழுமணிக்கே வற்றுகிறது என்றால் ஆளுக்கொரு யானை வளர்க்கிறார்கள்.

மனிதர்கள் பொய் சொல்லலாம், செருப்பு சொல்லாது. எங்கள் ஆட்கள் எவ்வளவு பெரிய படிப்புப் படித்தாலும் செருப்பைக் கதவுக்கு வெளியேதான் கழற்றுவார்கள். ஆகவே மூன்று நாள், விடியற்காலை ஐந்தரைக்கு, யாரும் வெளியே போகமுன் மாடி மாடியாக ஏறினேன். எங்கள் வாசலை எண்ணவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாதா? மற்ற இருபது வாசலிலும் முதல் நாள் நூற்றெழுபத்தொன்று, இரண்டாம் நாள் நூற்றெழுபத்திநான்கு, மூன்றாம் நாள் நூற்றறுபத்தெட்டு. சராசரி நூற்றெழுபத்தொன்று. கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக உயர்ந்த குதி வைத்தவை இருபத்திரண்டைக் கழித்தேன், அவற்றின் சொந்தக்காரிகளுக்கு வேறு சோடி இருக்கும். வார் அறுந்தவை பதினான்கையும் கழித்தேன். மீதி நூற்றுமுப்பத்தைந்து. காவல்காரர் குடும்பம் நாலு. ஆக, எங்கள் வீட்டைச் சேர்க்காமலே நூற்றுமுப்பத்தொன்பது.

தாளைக் கொண்டுபோய்த் தலைவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், உங்களுக்கு விசரே? வீட்டுக்கு அஞ்சு பேருக்கு மேலை இருக்கக் குடாது எண்டு சங்கத்திலை சட்டம் போட்டது ஆர்?"

"நீங்கள்."

"என்ரை வீட்டு வாசல்லை எத்தினை சோடி?"

"ஒம்பது."

"அப்ப விளங்குதே?" குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் கையெழுத்து வைச்சாச்சு. அறுபத்தெட்டை அனுப்புங்கோ. வோச்சரின்ரை பேரை வெட்டுங்கோ. அவர் எங்கடை ரெசிடென்ட் இல்லை."

"அவை நாலு பேரும் கக்கூசுக்குப் போறேல்லையே?"

"போகினம். ஆனால் ரெசிடென்டாப் போகேல்லை."

ஒரு வங்கி அந்த மனிதரை நம்பி இருபது வருடம் சாவிக்கொத்தைக் கொடுத்திருந்தது. அவரே காவல்காரரின் வரியை வெட்டினார். அறுபத்தெட்டு போனது.

இரண்டு கிழமைக்குப் பிறகு அலுவலகத்தில் இருந்து ஒரு பொறியியலாளர் வந்தாள். இளம் பெண், சிங்களம் மட்டும் பேசினாள். என் சிங்களம் மரக்கறிச் சந்தைச் சிங்களம், பூசணிக்காய் வாங்கலாம், பொறியியல் பேச முடியாது. என்றாலும் செருப்புக் கணக்கை எடுத்துக் காட்டி, விரலால் எண்ணி, வார் அறுந்ததை நடித்தும் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். நூற்றுமுப்பத்தொன்பதில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள்.

"அங்கிள், நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் செருப்பு கையெழுத்துப் போடாதே," என்று எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னாள். பிறகு அதேபோல மெதுவாக ஒரு வழி சொன்னாள். எந்த ஒரு வீட்டுக்காரராவது தன் தொகை பிழை என்று திருத்தி எழுதித் தந்தால், அதைக் காட்டி அவள் மறுபடி எண்ணுவதற்கு உத்தரவு வாங்குவாள். ஒரே ஒரு வீடு போதும்.

ஒரு வீடு! அன்று பின்னேரமே நான் படியேறினேன். மாடிக்குப் பதினெட்டாக மொத்தம் தொண்ணூறு படி. பெரிய கதைகள் எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். பொது நன்மை, சுகாதாரம், என் மனைவியின் இடுப்பு. ஒருவரும் ஒப்பவில்லை. கடைசியில் நாலாம் மாடி அம்மாவிடம் என் பொறுமை போய்விட்டது.

"அக்கா, உங்கடை பிள்ளையளின்ரை அழுக்கெல்லாம் என்ரை மனிசியின்ரை காலடியிலை வருது. ஒரு நேர்மை வேண்டாமே?"

அந்த அம்மா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாஸ்டர், நான் பதினொண்டு எண்டு சொல்லத்தான் இருந்தனான். நீங்கள் நீட்டின போமை வாங்கிப் பார்த்தன். முதல் வரி உங்கடை வீடு. ரெண்டு எண்டு கிடந்தது."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உங்கை நீங்கள் ரெண்டு பேர், பிள்ளையள் ரெண்டு பேர். ரெண்டு வருஷமாய்க் காணுறன்தானே. கணக்கு மாஸ்டரே ரெண்டு எண்டு போட்டால் உது எப்பிடியான போம் எண்டு எங்களுக்கு விளங்காதே? கீழை இருந்து மேலை வரை எல்லாரும் உங்கடை வரியைப் பார்த்துத்தான் போட்டவை."

தொண்ணூறு படியில் எழுபத்திரண்டை இறங்கி வந்தேன். அவற்றை அன்று எண்ணவில்லை, இப்போது பெருக்கிச் சொல்கிறேன்.

வீட்டில் மனைவி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். ஏன் இரண்டு என்று எழுதினேன் என்பதற்கு எனக்கு இன்றுவரை நல்ல காரணம் கிடைக்கவில்லை. யோசித்து எழுதியிருந்தால் பொய் என்று சொல்லலாம். யோசிக்கவே இல்லை. வீட்டில் எத்தனை பேர் என்று அரசாங்கத் தாள் ஒன்று கேட்டது, வெளியூர்ப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கை தானாக எழுதியது. கையெழுத்துக்கூட அன்று வழக்கத்தைவிட அழகாக விழுந்திருந்தது.

மனைவி ஒரு பயற்றங்காயை இரண்டாக முறித்தார்.

"இருபது வீட்டையும் ஏறி இறங்கிக் கள்ளரெண்டு திட்டிப்போட்டு வாறியள். தலைக்கள்ளன் ஆரெண்டு தெரிஞ்சுதே?"

"திருத்தி எழுதப் போறன்."

"எழுதுங்கோ. இந்தமுறையாவது விரலை மடக்கி எண்ணிப்போட்டு எழுதுங்கோ. என்னையும் சேருங்கோ."

மறுநாள் 'நான்கு' என்று எழுத்திலும் இலக்கத்திலும் எழுதி, இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து, கையெழுத்திட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறியியலாளர் சொன்னபடியே உத்தரவு வாங்கினாள். எண்ணும் நாளைச் சங்கத்துக்கு எழுத்தில் அறிவித்தாள். அது ஒழுங்கு முறை. அதுதான் பிழையும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை போல எங்கள் கட்டடம் ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை. காலை ஆறுமணியில் இருந்து பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சிலர் கம்பஸ் நூலகத்துக்கு, சிலர் கடற்கரைக்கு, சிலர் கோயிலுக்கு. வெள்ளவத்தைக் கோயில்களில் செவ்வாயன்று இவ்வளவு இளம் பக்தர்கள் வந்ததைப் பார்த்து ஐயர்மார் தங்கள் பூசைக்கு வந்த பலன் என்று நினைத்திருப்பார்கள். பத்துமணிக்குப் பொறியியலாளரோடு நான் படியேறினேன். இருபது வாசலும் கழுவித் துடைத்திருந்தன. வாசலுக்கு மூன்று சோடி, சில வாசலில் நாலு, அழகாக வரிசையில். மற்றதெல்லாம் உள்ளே. தலைவர் சப்பாத்தோடு நின்று எங்களை வரவேற்றார்.

"மாஸ்டருக்கு வயசு போட்டுது, மிஸ்," என்று சிங்களத்தில் சொன்னார். அந்த வசனம் மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது.

அவள் கீழே வந்து எங்கள் வாசலில் நான்கு சோடியைக் கண்டாள். பம்பறைக்குத் தானாகவே போய்க் காவல்காரரைக் கேட்டாள். அவர் முன்பு சொன்னதையே சொன்னார். அந்த நாலையும் அவள் எழுதிக்கொண்டாள். தலைவர் ஏதோ சொல்ல வந்தார், அவள் பார்த்த பார்வையில் தன் சப்பாத்தைப் பார்த்தார். அறுபத்தெட்டும் இரண்டும் நாலும் எழுபத்திநான்கு. நூறுக்குள்.

பழைய குழாயைக் கழுவித் தந்தார்கள். மூன்று மணித்தியாலம் எடுத்தது. கட்டடமே கைதட்டாத குறை. ஒழுங்கை முகப்பில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டுப் புதிய படம் கட்டினார்கள். இதில் இருபத்தொரு மரம்.

கழுவி முப்பத்தெட்டாவது நாள் மழை பெய்தது. இந்த முறை மூன்று அங்குலம். மனைவி அறைக்குள் போனார். பை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது. தங்கையின் மகன் கார் கொண்டுவந்தான். அவர் போனதும், கிழவன் தனியாக இருக்கும் வீட்டில் இரண்டு குமர்ப்பிள்ளைகள் இருப்பது சரியில்லை என்று ஊரில் இருந்து தொலைபேசி வந்தது. பிள்ளைகள் நாலாம் மாடிக்குப் போனார்கள். அங்கே இப்போது பதின்மூன்று பேர். படிவத்தில் மூன்று.

வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் தெஹிவளை, அடுத்தது கல்கிசை. கிழமையில் நாலு நாள் போகிறேன். சகலன் கதைக்கத் தொடங்கினால் மனைவி, "இவருக்கு ரயிலுக்கு நேரமாச்சு," என்று எழுப்பிவிடுவார். போன வியாழக்கிழமை வாசல் படலைவரை தடியோடு வந்து, "பெரிய குழாய் போட்டால் சொல்லுங்கோ, வாறன்," என்றார். ஒன்பதாவது கடிதத்தை அன்றிரவே தொடங்கிவிட்டேன். படிவத்தில் உண்மையாக இருந்தவை காவல்காரரின் வரியும் எங்கள் வரியும்தான், அவற்றில் எங்களுடையது இப்போது பிழை என்பதை அதில் எழுத வேண்டும். நான்கு என்று கையெழுத்திட்டிருக்கிறேன், இருப்பது ஒருவர்.

ஆனால் எழுதவில்லை. மனைவி போகும்போது சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனார். அவர் வாசலில் போடுகிற நீல ரப்பர் செருப்பு என்னுடையதற்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. செருப்பை வைத்து எண்ணுகிற எவனாவது வந்தால் எங்கள் வாசலில் இரண்டு என்று எழுதிக்கொண்டு போவான். அதை நான் திருத்தப் போவதில்லை.